இடது பக்கம் திரும்பாத விமானம்

அத்தியாயம் ஐந்து

அறிவுச்செல்வனின் அலுவலகத்தில் மூன்று நாற்காலிகள் இருந்தன. வருகிறவர்கள் உட்கார ஒன்று, துப்பறிவாளர் உட்கார ஒன்று, அவருடைய மௌனம் உட்கார ஒன்று என்று உதவியாளர் மணிமொழி சொல்வாள். அந்த மூன்றாவதில் உண்மையில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். மௌனம் நின்றுகொண்டிருந்தது.

2003, ஆவணி பிறந்து நான்காம் நாள். காலை ஒன்பது மணி. எதிரே கடலை மண்டி ராணியம்மாள்.

“பையனைக் காணோம் தம்பி. இளவரசன். நேத்து காலைல போனவன், ராத்திரி வரல. நாளைக்கு நிச்சயதார்த்தம்.”

“போலீஸ்ல சொன்னீங்களா?” என்றாள் மணிமொழி.

“சொன்னா கீழ்பென்னாத்தூர் வரைக்கும் தெரிஞ்சுடும். பொண்ணு வீடு அங்கதான். மாப்ள ஓடிட்டான்னு ஆயிடும்.”

“இந்த ஊர்ல ஒரு ஆள் காணாம போனா ரெண்டே வழிதாங்க. ஒண்ணு பஸ் ஸ்டாண்டு, இன்னொண்ணு காவி.”

“அதையும் பாத்துட்டேன்மா. விடியறதுக்குள்ள ஆள் அனுப்பி, கிரிவலப் பாதைல உக்காந்திருக்கிற சாமியாருங்க முகத்தையெல்லாம் பாக்கச் சொன்னேன். நூத்தி முப்பது தாடி. ஒண்ணும் நம்ம தாடி இல்ல.”

ராணியம்மாள் இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பையன் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையிலிருந்து கிடைத்ததாம். உருண்டையான, தெளிவான எழுத்து.

‘ராம் 512. இதில் குறைக்க வேண்டாம். பிராசஸர்: விளம்பரத்தில் வருவது வேண்டாம், அதே வேகத்தில் விலை கம்மியானது போதும். கிராபிக்ஸ் கார்டு: பெட்டியில் 128 என்று பெரிதாகப் போட்டிருப்பதைக் கொடுப்பார், ஏமாற வேண்டாம், பழைய 64 கார்டுதான் வேகம். மானிட்டர் 17 இன்ச், செகண்ட் ஹேண்ட். கேபினெட் எதுவானாலும் சரி, உள்ளே இருக்கும் பவர் சப்ளை மட்டும் நல்லது. மோடம் வேண்டாம். ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன். ஸ்டெபிலைசர் கட்டாயம். ஜாய்ஸ்டிக்: இரண்டு கைக்கும் பொதுவானது. வலது கைக்கு என்று வார்த்தது வேண்டவே வேண்டாம்.’

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

“512, 128, 64, 17” என்று படித்தாள் மணிமொழி. “லாட்டரியைத்தான் ஜனவரியிலயே நிறுத்திட்டாங்களே.”

அறிவுச்செல்வன் காகிதத்தைப் பார்த்தார். பிறகு ராணியம்மாளைப் பார்த்தார். பிறகு எதுவும் பேசவில்லை. மின்விசிறி சுற்றியது. தெருவில் ஒரு பூக்காரி விலை சொல்லி, வாங்குகிறவள் குறைத்துக் கேட்டு, பேரம் முடிந்து, இருவரும் போய்விட்டார்கள். அவர் இன்னும் பேசவில்லை. பதினெட்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எரிந்துபோன கடைகளை விசாரித்தவர். கேள்வி கேட்டால் பதில்தான் வரும், கேட்காமல் இருந்தால் உண்மை வரும் என்பது அங்கே கற்றது.

“சரி, சொல்லிடறேன்” என்றார் ராணியம்மாள். “தரகர் பொண்ணு வீட்ல, பையன் ஏரோப்ளேன் ஓட்டறான்னு சொல்லிட்டாரு. நான் சொல்லல தம்பி. மறுக்கல. அவ்ளோதான் நான் செஞ்ச தப்பு.”

“நிஜத்துல?” என்றாள் மணிமொழி.

“ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்களுக்கு டிக்கெட் எடுத்துக் குடுக்கிற ஏஜென்சி வச்சிருக்கான்.”

“ரெண்டும் ஒண்ணாங்க?” என்றாள் மணிமொழி.

“பிளேன் டிக்கெட்தானேம்மா விக்கிறான்? பஸ் டிக்கெட்டா?”

மிச்சமும் வந்தது. பெண் கவியா, கீழ்பென்னாத்தூரில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறவள். அவளை வளர்த்தது தாய்மாமன் வேடியப்பன். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். நாளை தட்டு மாற்றும் முன் மாப்பிள்ளையை விமானம் பற்றி நாலு கேள்வி கேட்பேன், பதில் சரியில்லை என்றால் எழுந்து போய்விடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

“அந்தப் பொண்ணைப் பாத்துட்டு வந்து ரெண்டு நாள் சாப்பிடல தம்பி அவன். அந்தப் பொண்ணு அவனுக்கு வேணும். எனக்கும்தான். நாளைக்கு எட்டு மணிக்குள்ள அவனைக் கண்டுபிடிச்சுக் குடுங்க.”

சின்னக்கடைத் தெருவில் மூர்த்தியின் கம்ப்யூட்டர் கடை ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலம். மணிமொழி நுழைந்தாள். அறிவுச்செல்வன் வாசலில் நின்றுகொண்டார்.

காகிதத்தைப் பார்த்ததும் மூர்த்தி முகம் சுளித்தான்.

“இதை எங்க புடிச்சீங்க? ஆறு வருஷமா கடை வச்சிருக்கேன். என்னைத் திட்டாம திட்டின லிஸ்ட் இது ஒண்ணுதான். ‘128ஐக் கொடுப்பார், ஏமாற வேண்டாம்’! நான் 128ஐத்தான் எடுத்து வச்சிருந்தேன், தெரியுமா? அதான் வயித்தெரிச்சல்.”

“இது ஆபீஸ் வேலைக்கு வாங்கினது இல்ல” என்றார் அறிவுச்செல்வன் வாசலிலிருந்து. அன்று அவர் பேசிய முதல் வாக்கியம். “பிரிண்டர் இல்ல. மோடம் இல்லாததால இன்டர்நெட்டும் இல்ல. சுடற விளையாட்டுக்காரன்னா சத்தத்துக்குச் செலவு பண்ணுவான். இவன் ராமுக்கும் பிராசஸருக்கும் பண்றான். ஊரு, மலை, ஏரி எல்லாத்தையும் மேலேர்ந்து பாக்கிறவன்.”

“கரெக்ட் சார். பிளேன் ஓட்டற கேம்.”

“யார் வாங்கினது?”

“லிஸ்ட் கொண்டாந்தது இளவரசன். போன வாரம். ஆனா பாதிப் பணம் அதுக்கு முந்தின நாளே வேற ஒருத்தர் கட்டிட்டாரு. பேரு சொல்லல. பெரிய மீசை. இந்த விஷயத்துல மூச்சு விடக்கூடாதுன்னாரு.”

“நீங்க ஒரு வாரமா விடலயா?” என்றாள் மணிமொழி. “அதான் கடை இப்படிப் புழுங்குது.”

“ஜாய்ஸ்டிக்?” என்றார் அறிவுச்செல்வன்.

“அங்கதான் சார் சண்டையே. வலது கைக்கு வார்த்தது இருநூறு ரூபா கம்மிக்கு இருந்தது. எல்லாத்துலயும் கறார் பண்ண ஆளு, இதுல மட்டும் பேரமே இல்ல. ரெண்டு கைக்கும் ஆகற மாதிரி வேணும்னு ஒரே பிடி. மெட்ராஸ்லேர்ந்து வரவழைச்சேன்.”

“இளவரசன் எந்தக் கையால பணம் எண்ணினாரு?”

மூர்த்தி யோசித்தான். “வலது கை.”

“மீசைக்காரர்?”

“எண்ணல. கட்டாக் குடுத்தாரு. மீசையை வலது கையாலதான் முறுக்கினாரு.”

அறிவுச்செல்வன் காகிதத்தை வாங்கிக்கொண்டார். தெருவில் இறங்கி நடந்தபோது மணிமொழி பொறுமை இழந்தாள்.

“இன்னா சார் அதுல?”

“சிக்கனமான லிஸ்ட் மணிமொழி. எங்க சிக்கனம் பண்ணியிருக்குன்னு பாத்தா கடைக்காரன் குணம் தெரியும். எங்க சிக்கனம் இல்லையோ, அங்கதான் ஆள் இருக்கான்.”

“ஆள் எங்க இருக்கான்னு அட்ரஸ் வேணும் சார்.”

“ஸ்டெபிலைசர் கட்டாயம்னு எழுதியிருக்கு. டவுன்ல அதுக்கு அவ்ளோ அவசியம் இல்ல. பம்ப் செட் ஓடற லைன்ல, கடைசி வீடுகள்ல வோல்டேஜ் விழும். அப்ப வயல் சுத்தின கிராமம். ஹெட்போன் சொல்லியிருக்கு. அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாத இடம், ஆனா நடுவுல இருக்கிற இடம். அதனால ஒரு அம்பது கிராமத்தைக் கழிச்சுட்டு...”

மணிமொழி அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கித் திருப்பினாள்.

பின்பக்கம் அச்சடித்த ரசீது. ‘பௌர்ணமி செருப்பு பாதுகாப்பு நிலையம், கிரிவலப் பாதை, அடி அண்ணாமலை. டோக்கன் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.’

“கழிச்சது போதும் சார்” என்றாள். “ஆட்டோ கூப்பிடறேன்.”

அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த மௌனம் வேறு வகை.

அந்தச் செருப்பு நிலையம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி மட்டும் உயிர் பெறும் ஒரு மாடி அறை. மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும். இன்று பூட்டு இல்லை. படியில் ஒரே ஒரு ஜோடி செருப்பு, பளபளவென்று பாலிஷ் போட்டது.

உள்ளே மூன்று சுவரிலும் எண் எழுதிய மர அடுக்குகள். ஆயிரம் ஜோடிக்கு இடம், எல்லாம் காலி. நடுவில் ஒரு மேசை, அதன்மேல் கம்ப்யூட்டர். அதன் முன்னால், ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி ஒரு பெரியவர். இரண்டு கையாலும் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருந்தார். மீசையின் இரண்டு முனைகளும் முதுகுப் பக்கமிருந்தே தெரிந்தன.

“தூக்கு! மூக்கைத் தூக்குடா டேய்!” என்று தனக்குத்தானே கத்தினார். ஹெட்போன் போட்டவருக்குத் தன் குரல் தெரியாது.

திரையில் பழுப்பு நிறத்தில் ஒரு மேடு. அதுதான் மலை என்று எந்தத் திருவண்ணாமலைக்காரருக்கும் தெரியும். விமானம் அதை வலது கைப் பக்கம் வைத்துச் சுற்றியது. மீண்டும் சுற்றியது. மூன்றாவது சுற்றில் எண்ணெய் தீர்ந்து, ஒரு வயலில் மூக்கு குத்தி நின்றது.

மணிமொழி ஹெட்போனை மெல்லத் தூக்கினாள். “ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே?”

பெரியவர் துள்ளி எழுந்தார். “யாரு நீங்க?”

“உங்களுக்கு நாளைக்குச் சம்பந்தி ஆகப்போறவங்க அனுப்பின ஆளுங்க” என்றார் அறிவுச்செல்வன். “படியில செருப்புக்கு அந்த பாலிஷ் பட்டாளத்துக்காரர்தான் போடுவாரு. நீங்க வேடியப்பன். கவியாவோட மாமா.”

“நான் ஏர்ஃபோர்ஸ்காரன். சும்மா பழக்கம் விட்டுப்போகக் கூடாதுன்னு...”

அறிவுச்செல்வன் ஒரு காலி அடுக்கின் மீது சாய்ந்துகொண்டு அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மீசையின் ஒரு முனை இறங்கியது. பிறகு இன்னொரு முனை.

“இருபத்திரண்டு வருஷம் இருந்தேன் சார். அது சத்தியம். ஆனா ஸ்டோர்ஸ்ல. ஆளுக்கு ரெண்டு கம்பளி, ஒரு ஜோடி பூட்ஸ், கையெழுத்து. விமானத்துக்குள்ள ஏறினது ஒரே தடவை. கூட்டறதுக்கு.”

“ஊர்ல பைலட்னு சொன்னீங்களா?”

“நான் சொல்லல. அவங்களா சொன்னாங்க. நான் மறுக்கல.”

“இந்தக் கல்யாணத்துல பொருத்தம் பிரமாதம்” என்றாள் மணிமொழி.

வேடியப்பன் நாற்காலியில் விழுந்தார். “நாலு கேள்வி கேப்பேன்னு சும்மா கெத்துக்குச் சொல்லிட்டேன். வர்ற மாப்ள நிஜ பைலட்டு. அவன் திருப்பி ஒரு கேள்வி கேட்டா கம்பளி வெளிய வந்துடும். கவியாகிட்ட சொல்லி அழுதேன். அவதான் இந்த ரூமை வாடகைக்குப் பிடிச்சு லிஸ்ட் போட்டா. பாதி நீ போடு மாமா, மீதியை சென்டர் பாத்துக்கும், காலைல ஆறுலேர்ந்து பன்னெண்டு நீ பழகு, ரெண்டு மணிக்கு மேல சென்டர் பசங்க வருவாங்கன்னா.”

படியில் காலடி கேட்டது. ஒரு கால் சரியாகவும் ஒரு கால் இழுத்தும் வைக்கிற நடை. ஒரு இளைஞன் உள்ளே வந்தான். இரண்டு நாள் தாடி.

“மாமா!” என்றான் அவன்.

“மாப்ள!” என்றார் அவர்.

“நூத்தி முப்பத்தோராவது தாடி” என்றாள் மணிமொழி. “கேஸ் முடிஞ்சுது.”

இளவரசன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். வீட்டிலிருந்தால் அம்மா முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்ததாம். மதியத்துக்கு மேல் எட்டு மணி வரை இங்கே விமானம். ராத்திரி செருப்பு அடுக்கில் படுக்கை. காலையில் அறையில் வேறு வகுப்பு நடப்பதாகக் கவியா சொன்னதால், நேரம் போக்க மலையைச் சுற்றி நடை. இன்று மட்டும் கால் வீங்கிச் சீக்கிரம் வந்துவிட்டான்.

“அப்ப நீ பைலட் இல்லையா?” என்றார் வேடியப்பன்.

“டிக்கெட் ஏஜென்ட் மாமா. கவியாகிட்ட பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொல்லிட்டேன். ‘மாமா கேள்வியை நான் பாத்துக்கறேன், நீங்க பாதிப் பணம் மட்டும் போடுங்க’ன்னாங்க.”

இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

அறிவுச்செல்வன் மேசைக்குப் போனார். மவுஸ் கீபோர்டின் இடது பக்கம் இருந்தது. அதன் ஒயர் மேசையின் இடது காலில் இறுக்கிக் கட்டியிருந்தது. அவர் மவுஸை நகர்த்தி, விளையாட்டு தானாக எழுதிக்கொள்ளும் பறத்தல் பதிவேட்டைத் திறந்தார்.

“ரெண்டு பேரும் ஒரு தடவையாவது தரையிறக்கியிருக்கீங்களா?”

இருவரும் தலையைக் குனிந்தார்கள்.

“எங்க ஊர்ப் பக்கம் ஒரு ரன்வே வரைஞ்சு வச்சிருக்கா” என்றார் வேடியப்பன். “மலையைச் சுத்தும்போது ஒரு இடத்துல இடது பக்கம் திரும்பணும். அது எப்படிங்க? பாதி வலத்துல, மலைக்கு முதுகைக் காட்டிட்டு...”

“இடது பக்கம்!” என்றான் இளவரசன். “எனக்கும் அந்த இடத்துலதான் கை வரமாட்டேங்குது சார்.”

“ஏங்க, அது கம்ப்யூட்டர் மலைங்க!” என்றாள் மணிமொழி.

“மலை மலைதானேம்மா” என்றார்கள் இருவரும். அந்தக் குடும்பத்தில் முதல் ஒற்றுமை அப்போதுதான் பிறந்தது.

அறிவுச்செல்வன் திரையில் விரல் வைத்தார். “காலைல ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ஒருத்தர். இறங்கினது பூஜ்யம். ரெண்டுலேர்ந்து எட்டு வரைக்கும் ஒருத்தர். பூஜ்யம். நடுவுல, தினமும் பன்னெண்டரைலேர்ந்து ஒன்றரை வரைக்கும், இன்னொருத்தர் பறந்திருக்காரு. பதினோரு தடவை ஏறி, பதினோரு தடவை இறங்கியிருக்காரு. மலையைச் சுத்தவே இல்ல. நேரா போயிருக்காரு.”

அவர் மணிமொழியிடமிருந்து காகிதத்தை வாங்கி மேசைமேல் விரித்தார்.

“ராம், கார்டு, பவர் சப்ளை எல்லாம் நல்லா ஓட்டற ஆளு பாத்துப் பாத்து எழுதினது. ஸ்டிக்குல மட்டும் இருநூறு ரூபா ஜாஸ்தி போனாலும் பரவாயில்லன்னு ரெண்டு கோடு. நீங்க ரெண்டு பேரும் வலது கைக்காரங்க. இந்த கம்ப்யூட்டர் உங்க ரெண்டு பேருக்காக வாங்கினது இல்ல, ஒரு இடது கைக்காரருக்காக வாங்கினது.”

“மணி பன்னெண்டரை” என்றது வாசலில் ஒரு குரல். “என் முறை.”

கவியா நின்றிருந்தாள். இடது கையில் டிபன் கேரியர். அறையில் நான்கு பேரைப் பார்த்தும் அவள் பதறவில்லை. கேரியரை 417ஆம் எண் அடுக்கில் வைத்தாள்.

“எல்லாருக்கும் போதாது” என்றாள். “மாமா, உங்களுக்குத் தயிர் சாதம் மட்டும்தான். பொய் சொன்னதுக்கு.”

“நீ சொன்னது?”

“நான் இன்னா பொய் சொன்னேன்? பெங்களூர்ல பைலட் பயிற்சிக்குச் சேரணும்னு ரெண்டு வருஷமா கேக்கறேன். அடுத்த மாசம் நுழைவுத் தேர்வு. பழக ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தாங்கன்னேன். பொண்ணுக்கு எதுக்கு பிளேன்னீங்க. உங்க மீசைக்கு ஆபத்துன்னதும் மறுநாளே பணம் வந்துச்சு.”

வேடியப்பன் தயிர் சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளவரசன் மெல்லக் கேட்டான். “அப்ப நாளைக்கு?”

“நாளைக்கு மாமா கேள்வி கேக்க மாட்டாரு. கேட்டா நான் கம்பளி பத்தி நாலு கேள்வி கேப்பேன்.” நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். “நான் இப்பவே கேக்கறேன். ஒண்ணே ஒண்ணு. இதை இறக்குங்க.”

“ஒரு வாரமா முடியலைங்க.”

“முடியும். நான் எழுதிக் குடுத்திருக்கேன், இந்த இடத்துல இடது பக்கம்னு. ஒரு வாரமா அதைப் படிச்சுட்டு வலது பக்கமே போறீங்க. நாளைக்குப் பின்ன நான் பெங்களூர் போறேன்னு சொன்னா நீங்க எந்தப் பக்கம் திரும்புவீங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?”



இளவரசன் உட்கார்ந்தான். விமானம் எழும்பியது. பழுப்பு மேடு வலது பக்கம் வந்தது, பக்கத்தில் பெரிதானது. நெற்றியில் வேர்வை ஓடியது.

“இப்ப” என்றாள் கவியா. “இடது.”

அவன் கை அசையவில்லை. மேடு பின்னால் நகரத் தொடங்கியது. இன்னும் சில நொடியில் பழைய வட்டம் ஆரம்பித்துவிடும்.

“திரும்புங்க.”

அவன் பல்லைக் கடித்து ஸ்டிக்கை இடது பக்கம் சாய்த்தான். விமானம் மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. அந்தக் கணமே அவன் ஸ்டிக்கை விட்டான். இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

விமானம் கல்லைப் போல விழுந்தது.

“ஐயோ, கையை வைங்க!” என்று கத்தினாள் கவியா. அவன் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் குனிந்து, அவன் தோளுக்கு மேலாக இடது கையை நீட்டி ஸ்டிக்கைப் பிடித்தாள். அவன் விழித்துக்கொண்டு அவள் கைமேல் கை வைத்தான். வைத்த பிறகு எடுக்கவில்லை.

“மூக்கைத் தூக்குடா!” என்றார் வேடியப்பன், தயிர் சாதத்தோடு எழுந்து.

ஓடுபாதை நெருங்கியது. ஒரு சக்கரம் தொட்டது, எகிறியது, மறுபடி தொட்டது. இரண்டு கோட்டுக்கு வெளியே ஓடி, ஒரு வயல் வரப்பில் முட்டாமல் நின்றது. பதிவேட்டில் பன்னிரண்டு என்று விழுந்தது.

“இது யார் கணக்கு?” என்றாள் மணிமொழி.

“பாதிப் பாதி” என்றாள் கவியா.

அறிவுச்செல்வன் இளவரசன் அணைத்து வைத்திருந்த செல்போனை வாங்கி ராணியம்மாளைக் கூப்பிட்டார். “பையன் இறங்கிட்டாம்மா. ஒரு அடியும் இல்ல.”

“எங்கேர்ந்துய்யா இறங்கினான்? மலைலேர்ந்தா?” பிறகு குரல் தாழ்ந்தது. “அந்த ஏரோப்ளேன் விஷயம்... பொண்ணுக்குத் தெரிஞ்சு போச்சா?”

கவியா போனை வாங்கிக்கொண்டாள். “அத்தை, தரகர் சொன்னது பொய் இல்ல. ஏரோப்ளேன் ஓட்டப்போற ஆள் இந்தக் கல்யாணத்துல இருக்குது. எந்த வீட்லன்னுதான் மாத்திச் சொல்லிட்டாரு.”

எதிர்முனையில் மௌனம். அறிவுச்செல்வனே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நீண்ட மௌனம்.

“அப்ப நாளைக்கு” என்றார் ராணியம்மாள் கடைசியில், “நாங்க பொண்ணை நாலு கேள்வி கேக்கலாமா?”

“கேளுங்க அத்தை. நிறைய கேளுங்க.”

திரும்பும்போது ஆட்டோவில் மணிமொழி மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். 

“ஏன் சார், நாம கூட அந்த இடத்துல வலது பக்கம்தான் போயிருப்போமோ?”

 வலது பக்கம் மலை நகர்ந்துகொண்டிருந்தது. அடி அண்ணாமலையார் கோயில் கோபுரம் கண்ணில் பட்டதும் ஆட்டோக்காரர் கைப்பிடியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“யோவ்!” என்று மணிமொழி முன்னால் பாய்ந்தாள்.

அவளுக்கு முன்பே, அறிவுச்செல்வனின் இடது கை கைப்பிடியில் இருந்தது.